‘ரிவெஞ்ச் போர்ன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை முன்னாள் காதலன் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், அடுத்த நாள் நம் வாயில் வருவது “அவளின்ர படம் லீக் ஆயிட்டுதாம்” என்பதுதான். செய்தியானால் அது “பழிவாங்கும் ஆபாசம்” ஆகிறது. இரண்டிலும் படத்தைப் போட்டவனைக் காணோம்.

“பழிவாங்கும் ஆபாசம்” ஆங்கிலத்து ‘ரிவெஞ்ச் போர்ன்’ என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. மூலச் சொல்லிலேயே இரண்டு பாதியும் பிழை. பழி வாங்க வேண்டுமென்றால் எதிராளி முதலில் ஒரு தீங்கு செய்திருக்க வேண்டும். உறவை முறித்துக்கொண்டதே இங்கே தீங்காக எண்ணப்படுகிறது. உண்மையில் கப்பம் கேட்பவனுக்கும், திருத்தக் கொடுத்த தொலைபேசியிலிருந்து படத்தை எடுத்துப் பரப்புபவனுக்கும் அந்தப் பெண்ணோடு எந்தப் பகையும் இல்லை. தமிழில் இது இன்னும் மோசமாகிறது. ‘பழி’ என்ற சொல்லுக்கு வஞ்சம் என்றும் பொருள், நிந்தை என்றும் பொருள். அந்த இரண்டாவது பழி யார் தலையில் விழுகிறது என்பது நமக்குத் தெரியும்.

மற்றப் பாதி ‘போர்ன்’, ‘போர்னோகிராஃபி’ என்பதன் சுருக்கம். கிரேக்கத்தில் ‘போர்னே’ என்றால் விலைமகள். ‘விற்றல்’ என்ற வினையோடு உறவுடைய சொல். ‘கிராபெயின்’ என்றால் எழுதுதல். தன் படத்தை ஒருவனிடம் மட்டும் நம்பிக் கொடுத்தவளை இந்தச் சொல் சந்தைச் சரக்காக்கிவிடுகிறது.

நாம் அதற்குப் பதிலாக வைக்கும் ‘ஆபாசம்’ வடமொழியின் ‘ஆபாஸ’. அங்கே அதற்குத் தோற்றம், பொய்த்தோற்றம் என்று பொருள். அளவையியலில் ‘ஹேத்வாபாஸ’ என்றால் காரணம்போலத் தோன்றும் போலிக் காரணம். மணிமேகலை அதை அழகாக ‘ஏதுப்போலி’ என்கிறது. பின்னால்தான் ‘ஆபாசம்’ தமிழில் அருவருப்பு, அசிங்கம் என்று திரிந்தது. டீப்ஃபேக் படங்கள் வந்துவிட்ட காலத்தில் பழைய பொருளே நமக்கு உதவுகிறது: வேறொருத்தியின் உடலில் ஒட்டிய முகத்தைப் ‘போலிப்படம்’ என்றே சொல்லலாம், ‘ஆபாசப் படம்’ என்று சொல்லத் தேவையில்லை.

பெண்ணியச் சட்ட ஆய்வாளர்கள் இந்தப் பெயரோடு பல காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். கிளேர் மக்லின், எரிக்கா ராக்லி இருவரும் 2017இல் இதைப் படத்தை அடிப்படையாகக் கொண்ட பாலியல் வன்கொடுமை என்று பெயரிட்டு வரையறுத்தார்கள். திருட்டுத்தனமாகப் படமெடுப்பது, பரப்புவேன் என்று மிரட்டுவது, போலிப்படம் செய்வது எல்லாம் ஒரே கூரையின்கீழ் வந்தன. எடுத்தவனின் நோக்கம் என்ன என்ற கேள்வி பின்னால் போய், சம்மதம் இருந்ததா என்ற கேள்வி முன்னால் வந்தது.

தமிழில் செயலுக்குப் ‘படவழிப் பாலியல் வன்முறை’ என்பதே பொருந்தும். நம் அரச படிவங்களில் உள்ள ‘துஷ்பிரயோகம்’ வேண்டாம். அதிகாரத்தையும் அரச வாகனத்தையும் துஷ்பிரயோகம் செய்வார்கள், பெண் அப்படிப் பிரயோகிக்கும் பொருளல்ல. படத்தைச் ‘சம்மதமின்றிப் பகிர்ந்த அந்தரங்கப் படம்’ எனலாம். ‘ஒப்புதல்’ என்று எழுதினால் ‘குற்ற ஒப்புதல்’ நினைவில் இடறும். ‘இசைவு’ நல்ல தமிழ்தான், ஆனால் பொலிஸில் நின்று பதறும் பெண்ணின் வாயில் வருவது ‘சம்மதம்’.

பெயரைவிட முக்கியமானது வினை. ‘கசிந்தது’, ‘வெளியானது’, ‘லீக் ஆனது’ எல்லாம் தன்வினை. குழாய் கசிவதுபோலப் படம் தானாகவே கசிந்துவிடுகிறது. ‘வெளியிட்டார்’, ‘பரப்பினார்’ என்றால் செய்தவரே எழுவாயாக வேண்டும். முறைப்பாட்டில் “எனது ஆபாசப் படங்கள் முகநூலில் கசிந்துள்ளன” என்று எழுதாதீர்கள். “இன்னார், இந்தத் திகதியில், என் சம்மதமின்றி, எனது அந்தரங்கப் படத்தை இந்தக் கணக்கில் பதிவேற்றினார்” என்று எழுதுங்கள். ‘ஆபாசம்’ என்ற சொல் இலங்கையின் 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டத்தின் பக்கம் பேச்சை இழுக்கும். அது படத்தின் ஆபாசத்தை எடைபோடுவது, சம்மதத்தைக் கேட்பதில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைப் பற்றியது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும், தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் தொந்தரவு செய்வது குற்றம். கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்ற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. முறைப்பாடு சிங்களத்தில் பதியப்பட்டால், வினைச்சொல் மாறவில்லையா என்று வாசித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகே கையொப்பமிடுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிழை, பதைப்பில் முதலில் ‘ரிப்போர்ட்’ பண்ணிவிடுவது. பதிவு நீங்கிவிடும், சான்றும் போய்விடும். முதலில் இணைப்பு முகவரியை நகலெடுங்கள். கணக்கின் காட்சிப்பெயரை நொடியில் மாற்றலாம் என்பதால் பயனர்பெயரையும் குறியுங்கள். திகதியும் நேரமும் தெரிய, ஓரம் வெட்டாமல் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அதற்குப் பிறகு ரிப்போர்ட். படத்தைச் சான்றென்று யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

18 வயது நிரம்பியவர்களுக்கு 2021 இறுதியில் தொடங்கிய ஸ்டொப் என்சிஐஐ (StopNCII.org) என்ற இலவச இணையச் சேவை உண்டு. படம் உங்கள் தொலைபேசியை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கணிக்கப்படும் ‘ஹாஷ்’ என்ற எண்கோவை மட்டுமே போகும். இதற்குப் ‘படரேகை’ என்று பெயர் வைக்கலாம்: கைரேகையிலிருந்து ஆளின் முகத்தை வரைய முடியாததுபோல, இதிலிருந்து படத்தை மீட்க முடியாது. இணைந்துள்ள தளங்கள் அந்த ரேகையோடு ஒத்துப்போகும் பதிவைத் தேடி, விதிமீறலென்றால் நீக்கும். படத்தைக் கூடுதலாக வெட்டினாலோ மேலே எழுத்துப் பொறித்தாலோ ரேகை மாறிவிடக்கூடும். அதனால் கிடைத்த ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே கொடுங்கள். வட்ஸ்அப் உரையாடல்கள் முனைக்கு முனை மறைகுறியாக்கப்பட்டவை, அங்கே இந்தத் தேடல் எட்டாது. குழுவில் இருப்பவர்கள்தான் அழிக்க வேண்டும்.