51,000 அடியில் ஹட்டன் காற்று

கொழும்பில் வாங்கிய மிக்சர் பக்கட், நுவரெலியா வந்து சேரும்போது பந்து மாதிரி உப்பியிருக்கும். உள்ளே அடைபட்டிருப்பது கொழும்புக் காற்று. வெளியே 1,868 மீட்டர் உயரத்துக் காற்று; அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. றம்பொடை வளைவுகளில் காது அடைப்பதும் இதனால்தான்.

விமானக் கபினிலும் அழுத்தம் கூட்டப்படுகிறது, ஆனால் கடல்மட்ட அளவுக்கு அல்ல. பயணிகள் விமானத்தில் ‘கபின் உயரம்’, அதாவது உள்ளே இருக்கும் அழுத்தம் எந்த உயரத்துக் காற்றுக்குச் சமமோ அந்த உயரம், 8,000 அடி வரை போகலாம். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியே 8,281 அடிதான். அங்கே பத்து மணித்தியாலம் உட்கார்ந்தால் தலைவலி வராமல் என்ன செய்யும்? போயிங் 787 அதை 6,000 அடிக்கு, அதாவது நுவரெலியாவுக்கு, இறக்கியது. கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 போன்ற நெடுந்தூர பிசினஸ் ஜெட்டில் 51,000 அடியில் பறக்கும்போதும் 4,850 அடிதான். ரயில் ஹட்டனைத் தாண்டி நானுஓயாவை எட்டாத உயரம்.

51,000 அடியில் கபின் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏழரை தொன் விசை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. சின்ன விமானம் இதைத் தாங்குவது எப்படி? சின்னதாக இருப்பதால்தான். ஒடுங்கிய சைக்கிள் டயரில் டிராக்டர் டயரைவிட அதிக அழுத்தத்துக்குக் காற்றடிக்கலாம் அல்லவா? குழாயின் விட்டம் குறைந்தால் சுவரை இழுக்கும் விசையும் குறையும். பயணிகள் விமானமோ ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் உடல் விரிந்து சுருங்குவதால் உலோகம் களைத்துப்போகும்; அதனால் அதில் அழுத்தத்தை இவ்வளவு கூட்டுவதில்லை.

பெரும்பாலான விமானங்களில் எஞ்சினின் அமுக்கிப் பகுதியிலிருந்து சூடான காற்றை எடுத்து, குளிர்வித்து, கபினுக்குள் தொடர்ந்து விடுகிறார்கள். அழுத்தத்தைத் தீர்மானிப்பது உள்ளே வரும் காற்று அல்ல, வெளியேறும் காற்று. வெளியேற்று வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே கணக்கு. அது திறந்தபடி சிக்கினாலோ, கதவின் ரப்பர் சீல் தேய்ந்தாலோ கபின் உயரம் ஏறத் தொடங்கும். 10,000 அடியளவில் விமானி அறையில் எச்சரிக்கை ஒலிக்கும். 51,000 அடியில் காற்று முழுவதும் போய்விட்டால் தெளிவாகச் செயற்பட ஏறத்தாழ பத்து விநாடிதான் கிடைக்கும். அதனால்தான் 41,000 அடிக்கு மேல் ஒரு விமானியாவது முகமூடி அணிந்தே இருக்கவேண்டும் என்கிறது அமெரிக்க விதி.

மலையகத்து ஈரம் மட்டும் இந்தக் கபினில் கிடைக்காது. மைனஸ் 56 பாகை குளிர்காற்றில் நீராவி இல்லாத குறைதான். அதைச் சூடாக்கினால் ஈரப்பதன் பெரும்பாலும் 20 சதவீதத்தைத் தொடாது. வாட்டும் தொட்டியில் பரப்பிய கொழுந்து மாதிரி உதடு வாடும். அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீரும் 95 பாகையிலேயே கொதித்துவிடும்.

ஜி650இஆர் ரகம் புறப்படும்போது 47 தொன். அதில் 22 தொன் வரை எரிபொருள். ஒலிவேகத்தின் 0.85 மடங்கில் 13,890 கி.மீ. போகும், 0.90 மடங்கில் 11,850 கி.மீ. மட்டுமே. இவ்வளவு சுமையோடு நேரே 51,000 அடிக்கு ஏறமுடியாது. முதலில் 41,000 அடி. எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாக மேலே. கபின் உயரமும் கூடவே ஏறும்: தொடக்கத்தில் 3,000 அடிக்குச் சற்றுக் கீழே, நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் நடுவில். பயணி ஹட்டனைத் தாண்டுவது கடைசி மணித்தியாலங்களில்தான்.