அமெரிக்க ரெசிடென்சி: துறையா ஊரா என்பதை எப்போது முடிவு செய்வது?

ரெசிடென்சிக்கு, அதாவது எம்.பி.பி.எஸ். முடித்தபின் அமெரிக்க மருத்துவமனையில் எடுக்கும் துறைப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் பிப்ரவரியில்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். இன்டர்வியூ எல்லாம் முடிந்திருக்கும், மருத்துவமனைகளை விருப்ப வரிசையில் அடுக்கும் ரேங்க் லிஸ்ட் போட வேண்டிய நேரம். அந்த வரிசையையும் மருத்துவமனைகள் போடும் வரிசையையும் கம்ப்யூட்டர் பொருத்தி இடம் கொடுப்பதைத்தான் 'மேட்ச்' என்கிறோம். "அக்கா, எதை முதலில் போட்டால் கிடைக்கும்?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் கணக்குப் போட ஒன்றும் மிச்சமிருக்காது. போட வேண்டிய கணக்கெல்லாம் செப்டம்பரில் விண்ணப்பம் போவதற்கு முன்பு போட வேண்டியது. நான் மிச்சிகனில் இன்டர்னல் மெடிசின், அதாவது பொது மருத்துவம், பார்க்கிறேன். எங்கள் ரெசிடென்சிக்கு வரும் விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையும் உண்டு. படிக்கிறவர்கள் என்ன பார்க்கிறோம் என்பது தெரிந்தால் உங்களுக்குப் பல குழப்பங்கள் தீரும்.

முதலில் ஒரு கசப்பான விஷயம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்து ரேங்க் லிஸ்ட் போட்டவர்களில் 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் முதலாண்டு இடம் கிடைத்தவர்கள் சுமார் 58 சதவீதம்தான். பத்துப் பேரில் நான்கு பேர் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அதனால் துறை, ஊர் இரண்டையும் ஒரே பிடியாகப் பிடிக்காதீர்கள். டல்லாஸில் கணவருக்கு வேலை, குழந்தை அங்கே பள்ளிக்குப் போகிறது, நகர முடியாது என்றால் துறையைத் தளர்த்துங்கள். ஃபேமிலி மெடிசின், பீடியாட்ரிக்ஸ், இன்டர்னல் மெடிசின் என்று பார்க்கலாம். சர்ஜரி தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பவர் நார்த் டகோட்டா பனிக்கும் தயாராக இருக்க வேண்டும். இதில் எது பெரியது என்று நான் சொல்ல முடியாது, உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஜூலைக்குள் பேசிவிடுங்கள்.

சர்ஜரி ஆசையில் 'ப்ரிலிமினரி' இடத்தில் சேருகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு வருட இடம் மட்டுமே. இரண்டாம் ஆண்டுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. தெரிந்து சேர்ந்தால் சரி, தெரியாமல் சேர்ந்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம் போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. கார்டியாலஜி போன்ற உயர்துறைக் கனவு உள்ளவர்களுக்கு நான் சொல்வது வேறு. அதற்கு முதலில் முடிக்க வேண்டிய இன்டர்னல் மெடிசின் மூன்றே வருடம். அந்த மூன்று வருடத்துக்கு ஊர் எப்படி என்று பார்ப்பதைவிட, அந்த மருத்துவமனையில் அந்த உயர்துறைக்கான அடுத்த கட்டப் பயிற்சி (ஃபெலோஷிப்) இருக்கிறதா, அங்கே படித்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று பாருங்கள்.

விசாவையும் இப்போதே யோசியுங்கள். பயிற்சிக்கான ஜே-1 விசாவில் வந்தால், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் விலக்கு வாங்க வேண்டும். 'கான்ராட் 30' திட்டத்தில் ஒவ்வொரு மாநிலமும் வருடத்துக்கு 30 பேருக்கு அந்த விலக்குக் கொடுக்கலாம். பதிலுக்கு, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். அதாவது உங்கள் ஊர் விருப்பத்தை விசா இன்னொரு முறை சோதிக்கும். வேலைக்கான எச்-1பி விசா வேண்டுமென்றால், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். அதோடு 2025 செப்டம்பரில் புது எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. எந்த மருத்துவமனை எந்த விசா கொடுக்கிறது என்று அவர்களிடமே கேட்டு உறுதி செய்யாமல் விண்ணப்பப் பணம் கட்டாதீர்கள்.

இனி விண்ணப்பத்துக்குள் வருவோம். நான் பார்க்கும் விண்ணப்பங்களில் அதிகம் வீணாகும் பகுதி ஊர் விருப்பம்தான். விண்ணப்பம் போடும் இணையதளமான ஈராஸில் நாடு ஒன்பது வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. மூன்று வரை தேர்ந்தெடுக்கலாம். டெக்சஸைத் தேர்ந்தெடுத்தால் ஓக்லஹோமா, ஆர்கன்சா, லூசியானாவும் கூடவே வரும், தனி மாநிலமாகக் கேட்க முடியாது. எங்கள் வட்டாரத்தை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும், நீங்கள் எழுதிய காரணமும் எங்களுக்குத் தெரியும். வேறு வட்டாரங்களை எடுத்திருந்தால் எங்கள் திரையில் ஒன்றும் வராது. 'எங்கும் சம்மதம்' என்று குறித்தால் அது எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சிறு பெட்டியில் "மிட்வெஸ்ட் மக்களின் அன்பும் பலதரப்பட்ட பண்பாடும் என்னைக் கவர்ந்தன" என்று எழுதுகிறார்கள். இதே வரியை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். "என் அண்ணன் குடும்பம் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறது, போன குளிர்காலத்தில் அங்கே தங்கித்தான் மருத்துவமனைப் பயிற்சி எடுத்தேன்" என்றால் நாங்கள் நிமிர்ந்து உட்காருகிறோம். இந்தப் பெண் வருவாள், வந்தால் தங்குவாள் என்று தோன்றுகிறது. எங்களுக்கு வேண்டியது அந்த நம்பிக்கைதான். சொந்தம் யாரும் இல்லையென்றால், அங்கே வேலை பார்த்த ஒரு மாதமோ, நீங்கள் கவனித்த நோயாளிகளோ போதும். பொய் மட்டும் வேண்டாம், இன்டர்வியூவில் அதைத்தான் முதலில் கேட்போம்.

'உங்கள் இடத்தில் எனக்குத் தனி விருப்பம்' என்று சில மருத்துவமனைகளுக்கு மட்டும் விண்ணப்பத்தோடு அனுப்பும் சிக்னலும் அப்படித்தான். 2025 மேட்ச் சீசனில் இன்டர்னல் மெடிசினுக்கு, மிகவும் பிடித்த இடங்களுக்கு 3 தங்கம், அடுத்தவற்றுக்கு 12 வெள்ளி என்று 15 இருந்தன. எலும்பு அறுவை சிகிச்சைக்கு 30. அத்தனை சிக்னல் இருக்கும் துறையில், சிக்னல் அனுப்பாத இடத்துக்கு விண்ணப்பம் போடுவது பெரும்பாலும் காசுக்குக் கேடு. பெயர் பெற்ற மருத்துவமனைகளுக்கே மூன்று தங்கத்தையும் செலவழிக்காதீர்கள். வெளிநாட்டில் படித்தவர்களை வருடா வருடம் எடுக்கும் இடமா என்று அவர்களின் ரெசிடென்ட் பட்டியலைத் திறந்து பாருங்கள். நியூயார்க், நியூஜெர்சி, மிச்சிகன் மாநிலங்களில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு.

இதெல்லாம் முடிந்து ரேங்க் லிஸ்ட் வரும்போது கணக்கை விட்டுவிடுங்கள். உங்களுக்கு எது பிடிக்குமோ அதே வரிசையில் போடுங்கள். மேட்ச் 1952 முதல் நடக்கிறது. பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத், விண்ணப்பதாரர் பக்கமிருந்து தொடங்குமாறு மாற்றியமைத்த கணக்கு முறை 1998இல் நடைமுறைக்கு வந்தது. இப்படிப்பட்ட பொருத்தங்கள் பற்றிய ஆய்வுக்காக 2012இல் அவருக்கும் லாயிட் ஷாப்லிக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. கம்ப்யூட்டர் முதலில் உங்கள் முதல் விருப்பத்தைப் பார்க்கும். அங்கே இடமில்லையென்றால் இரண்டாவதற்கு வரும். முதலில் எட்டாத ஒன்றைப் போட்டதால் இரண்டாவது இடத்தில் உங்கள் வாய்ப்பு துளிகூடக் குறையாது. "நாங்கள் உங்களை மேலே வைத்திருக்கிறோம்" என்று ஒரு மருத்துவமனையிலிருந்து மெயில் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதற்காக வரிசையை மாற்றாதீர்கள். அந்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது.

ஆனால் மேட்ச் முடிவு உங்களைக் கட்டுப்படுத்தும். எவ்வளவு யோசித்தும் போகவே முடியாத இடம் என்றால் அதைப் பட்டியலில் போடாதீர்கள். கணவன் மனைவி இருவரும் விண்ணப்பித்தால் ஜோடியாகப் பட்டியல் போடலாம், அதற்குத் திருமணம் ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருவருக்கு மட்டும் இடம் கிடைத்தாலும் பரவாயில்லை என்றால் அதையும் பட்டியலின் கடைசியில் தனி வரியாகச் சேர்க்க வேண்டும்.

அப்புறம், பட்டியலைச் சேமித்தால் மட்டும் போதாது, இதுதான் என் இறுதிப் பட்டியல் என்று உறுதி செய்யும் 'சர்ட்டிஃபை' கொடுக்க வேண்டும். ஏதாவது மாற்றினால் மறுபடியும் கொடுக்க வேண்டும். கடைசி நாள் இரவு 9 மணி என்பது நியூயார்க் நேரம், சென்னையில் மறுநாள் காலை 7.30. முந்தின நாளே முடித்துவிட்டுத் தூங்குங்கள்.