வாங்கப்பா: சொல் விளக்கம்

விடிகாலையில் காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போனால் காதில் அதிகம் விழுவது மீன் பெயர் அல்ல, ‘ப்பா’தான். ஐஸ் பெட்டியோடு வருகிறவர் ‘நகருங்கப்பா’ என்கிறார். வலை இழுக்க ஆள் போதாவிட்டால் ‘ஒரு கை புடிங்கப்பா’. வியாசர்பாடி கேரம் கிளப்பில் ‘சும்மா இருங்கப்பா’. நாலு பேரோ நாற்பது பேரோ, கூட்டத்தைக் கூப்பிட வடசென்னைக்கு இது போதும்.

இந்த ‘ப்பா’ அப்பாவின் மிச்சம். அந்த ‘அப்பா’வே முதலில் ஒரு விளிதான். பெயர் அப்பன், கூப்பிடும்போது அப்பா. முருகன் முருகா ஆவதைப் போல. ‘அன்னென் இறுதி ஆவாகும்மே’ என்று தொல்காப்பியம் விளிமரபில் சொல்வது இதைத்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு விளியே பெயராகிவிட, இன்று ‘அப்பா வந்தார்’ என்கிறோம். அப்புறம் அது தேய்ந்து வினையின் வாலாகத் தொங்கியபோது தகப்பன் என்ற பொருளும் கழன்றது. பெற்ற மகனையே ‘வாப்பா’ என்கிறோம். கல்லூரிப் பெண்கள் தங்களுக்குள் ‘கிளம்பலாம்ப்பா’ என்கிறார்கள். தெலுங்கில் தகப்பனைக் குறிக்கும் ‘நாயனா’ நம் ஊரில் ‘நைனா’ ஆகி, வழியில் போகிறவரையும் அழைக்கப் பயன்பட்டது இதே கதைதான்.

எனக்கு இதில் பிடித்தது நடுவில் இருக்கும் ‘ங்க’. ‘வாங்க’ என்றால் ஒருவருக்கு மரியாதையா, பலருக்கு அழைப்பா என்பது தனியாகப் பார்த்தால் தெரியாது. ‘நீங்கள்’ என்ற பன்மையை மரியாதைக்கும் எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. ஆனால் ‘ப்பா’ ஒட்டியதும் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. உரிமையோடு பேசுகிற இடத்தில் ஒருவர் என்றால் ‘வாப்பா’ போதும். அங்கே ‘ங்க’ வந்தால் ஆள் பலர் என்று பொருள். ‘வாங்கடா’வில் இன்னும் உறுதி, ‘டா’ போட்டபின் மரியாதைக்கு ஏது இடம்? கொச்சை என்று ஒதுக்கப்படும் பேச்சில்தான் ‘ங்க’ தன் பழைய பன்மை வேலையைப் பார்க்கிறது.

பழந்தமிழில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. கூட்டத்தை அழைக்கத் தனி விகுதி உண்டு: மாந்தர் என்றால் மாந்தீர், மகளிர் என்றால் மகளீர். ஆண்டாள் திருப்பாவையின் முதல் பாட்டிலேயே ‘போதுமினோ நேரிழையீர்’ என்கிறாள், அடுத்த அடியில் ‘செல்வச் சிறுமீர்காள்’. ‘போதுமின்’ என்பது பலரைப் பார்த்துச் சொல்லும் ‘வாங்க’. அந்தத் தோழிகளை இன்று ராயபுரத்துத் தெருவில் நின்று எழுப்பினால், ‘எய்ந்து வாங்கப்பா’ என்றுதான் வரும்.

‘ஈர்’ பேச்சிலிருந்து போனபின் ஒவ்வொரு ஊரும் தனக்கொன்று வைத்துக்கொண்டது. நாகர்கோவில் பக்கம் ‘மக்களே’, ‘மக்கா’, நெல்லையில் ‘லே’. மேடைக்குத் ‘தாய்மார்களே’; இதில் ‘மார்’, ‘கள்’ என இரண்டு பன்மை. இளைஞர்களின் ‘மச்சான்ஸ்’ ஆங்கில ‘ஸ்’ஸைக் கடன் வாங்கியது. ‘மச்சான்மாரே’ என்றால் இலக்கணம் சரி, ஆனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

‘வாங்கப்பா’வுக்குத் தூய தமிழ் கேட்டால், அதுவே தமிழ்தான். எழுத்தில் வேண்டுமானால் ‘நண்பர்களே, வாருங்கள்’ எனலாம். கடிதத்துக்குச் சரி, வலை இழுக்க உதவாது.

ஒன்று மட்டும் கவனம். கூடை வைத்து மீன் விற்கும் பெண்களிடம் சின்னப் பையன் போய் ‘நகருங்கப்பா’ என்றால் முறைப்பார்கள். அங்கே ‘நகருங்கக்கா’தான். அவர்கள் தங்களுக்குள் பேசும்போது மட்டும் ‘அத்த இப்டி தள்ளுங்கப்பா’.