தொலைந்த பொதியும் தவறான ஊகமும்

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தையும், 400 கஜ தூரத்திலிருந்த கலிபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி வளாகத்தையும் இணைத்த இணையத் தடத்தின் வேகம், நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. இதை ஆராய்ந்த, அந்த ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் முன்வைத்த முறையின் சாரம் எளியது: பொதி, அதாவது தரவைத் துண்டாக்கி அனுப்பும்போது அதில் ஒரு துண்டு, தொலைந்தால் வழியில் நெரிசல் என்று கொண்டு, அனுப்பும் அளவைப் பாதியாக்கிவிட்டு, பிறகு மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

கம்பி வழியில் இந்த ஊகம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை, ஏனெனில் அங்கே பொதி தொலைவது ரூட்டரில் பொதிகள் காத்திருக்கும் வரிசை நிரம்பி வழியும்போதுதான். வானொலி அலையிலோ, இடையில் ஒரு சுவர் வந்தாலும், குறுக்கீடு மிகுந்தாலும், கைப்பேசி ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்கு மாறினாலும் பொதி சிதையலாம். தடம் காலியாகவே கிடந்தாலும், மறுமுனையில் இருக்கும் சர்வர் அதை நெரிசல் என்றெண்ணி வேகத்தைக் குறைத்துவிடுகிறது. இதன் விலையைக் கணக்கிட்டே பார்க்கலாம்: ஒரு பொதியில் 1,460 பைட் தரவு, போய்வர 100 மில்லிநொடி, நூற்றுக்கு ஒரு பொதி இழப்பு என்றால், பொதிகள் சரியாகப் போய்ச்சேர்வதைக் கவனிக்கும் இணைய நெறிமுறையான டிசிபியின் பழைய முறையில் கிடைப்பது நொடிக்கு சுமார் 1.4 மெகாபிட்தான், இணைப்பு 100 மெகாபிட் திறன் கொண்டதானாலும் இதில் மாற்றமில்லை.

1990களின் நடுவில் வந்த ஸ்னூப் முறையில், கம்பியும் காற்றும் சந்திக்கும் தள நிலையம் பொதிகளின் நகலை வைத்திருந்து, தொலைந்ததைத் தானே மறுபடி அனுப்பி, சர்வருக்குச் சேதி எட்டாமல் மறைத்தது. அழகான தந்திரம்தான்; ஆனால் பொதியின் முன்பகுதியில் டிசிபி எழுதும் குறிப்புகளான தலைப்பைப் படித்தால்தான் அது வேலை செய்யும், குறியாக்கம் அதை மூடிவிட்டால் நிலையத்துக்குக் கண் தெரியாது. வைஃபை, பொதியின் உள்ளடக்கத்தைப் பாராமலே தன் அளவில் மறுபடி அனுப்பிப் பார்க்கிறது. அதனால் இழப்பு குறைந்தாலும் தாமதம் ஏறியிறங்குவதால், தாமதத்தை வைத்து நெரிசலைக் கணிக்கும் முறைகள் ஏமாறுகின்றன.

கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை, இழப்பைப் பிரதானமாகக் கொள்ளாமல், பொதிகள் உண்மையில் போய்ச்சேரும் வீதத்தையும் மிகக் குறைந்த போய்வரு நேரத்தையும் அளந்து வேகத்தை வகுக்கிறது. இருந்தாலும் அளப்பதும் ஒருவகை ஊகமே. அதன் முதல் பதிப்பு பக்கத்து இணைப்புகளை நெருக்கியதுண்டு. 2001இல் தரப்படுத்தப்பட்ட ஈசிஎன் முறையே நேர்மையானது என்பேன்: வரிசை நீளும்போதே ரூட்டர் பொதியில் ஒரு குறியிட்டு அனுப்ப, பெறுபவர் அதை அனுப்பியவருக்குத் தெரிவிக்கிறார். ஆனால் நெரிசல் எந்த ரூட்டரில் நேர்கிறதோ, அதில் இந்த வசதி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்; இல்லையேல் சர்வர் மறுபடியும் தொலைந்த பொதியை வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கும்.