நிறமியின் கரைதிறன்: எண்ணை நம்பி இயந்திரம் வாங்கும் முன்

மஞ்சளிலிருந்து குர்குமினைச் சூப்பர்கிரிட்டிகல் கார்பன் டைஆக்சைடு கொண்டு பிரித்தெடுக்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம், அது வாசனை எண்ணெயைத் தாராளமாக இழுத்து வரும், நிறம் தரும் குர்குமினோ பெரும்பாலும் தூளிலேயே தங்கிவிடும் என்றுதான் முதலில் சொல்கிறேன். 31 டிகிரி செல்சியஸையும் 74 பார் அழுத்தத்தையும் தாண்டிய நிலையைத்தான் சூப்பர்கிரிட்டிகல் என்கிறோம். அந்த நிலையில் கார்பன் டைஆக்சைடு திரவத்தை நெருங்கும் அடர்த்தியைப் பெற்றாலும், முனைவுத்தன்மை (மூலக்கூறுக்குள் மின்னூட்டம் சமமின்றிப் பரவியிருப்பது) கொண்ட மூலக்கூறுகளை எளிதில் கரைப்பதில்லை. எத்தனால் சிறிது சேர்த்தால் நிலைமை மேம்படும். கேரட்டின் நிறமியான, முனைவற்ற பீட்டா கரோட்டினும்கூட, மூலக்கூறு பெரிது என்பதால், பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற வரிசையிலோ அதற்கும் கீழோதான் கரைகிறது.

இவ்வளவு சிறிய அளவை அளப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கண்ணாடி மணிகளோடு கலந்த நிறமியின் வழியே வாயுவைச் செலுத்தி, வெளியேறும் வால்வில் அழுத்தம் குறையும்போது படியும் நிறமியைக் கழுவிச் சேர்த்து அளப்பது வழக்கமான முறை. வாயு வேகமாக ஓடினால், கரைக்கக்கூடிய அளவு நிறமியை முழுதும் ஏற்காமலே (தெவிட்டாமலே) அது வெளியேறும். எனவே ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தாலும் அதே மதிப்பு வருகிறதா என்று காட்டாத அறிக்கையை நான் ஏற்பதில்லை. கரையாத நுண்துகள்கள் வாயுவோடு அடித்து வரப்பட்டால் மதிப்பு கூடும், வால்வில் படிந்தது முழுவதும் கழுவப்படாவிட்டால் குறையும். பீட்டா கரோட்டின் போன்ற கரோட்டினாய்டு நிறமிகள் வெப்பத்தாலும் ஒளியாலும் ஆக்சிஜனாலும் மாறிவிடக்கூடியவை என்பதால், சோதனைக்கு முன்னும் பின்னும் தூய்மையைப் பார்ப்பதும் அவசியம்.

கரைதிறனைக் கணக்கிட உதவும் கணித மாதிரிகளில், 1982இல் கிராஸ்டில் என்ற ஆய்வாளர் தந்த சமன்பாடு எளிமையானது: ஒரே வெப்பநிலையில், கரைதிறனின் மடக்கை அடர்த்தியின் மடக்கையோடு நேர்கோட்டில் மாறுகிறது. அழுத்தத்தை விட்டு அடர்த்தியைப் பிடித்ததில்தான் அதன் கெட்டிக்காரத்தனம். 100 பாரில் 40 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 630 கிராமிலிருந்து 290 கிராமாக விழுந்து, கரைதிறனும் சரியும். போதிய உயர் அழுத்தத்தில் அடர்த்தியின் இழப்பு சிறிதாகி, நிறமியின் ஆவியழுத்தம் கூடுவது மேலோங்குவதால், சூடாக்கினால் கரைதிறன் ஏறும். அழுத்தம், வெப்பநிலை, கன அளவு ஆகியவற்றை இணைக்கும் பெங்-ராபின்சன் சமன்பாடு என்ற இன்னொரு மாதிரிக்கோ, கார்பன் டைஆக்சைடுக்கு மேலே சொன்ன 31 டிகிரி, 74 பார் போல, நிறமிக்கும் உரிய நிலைமாறு வெப்பநிலையும் அழுத்தமும் தேவை. அவற்றை எட்டும் முன்பே கரோட்டின் சிதைந்துவிடுவதால் மதிப்பீட்டு எண்களையே இட வேண்டியிருக்கிறது. அந்த மதிப்பீட்டுப் பிழைகளை, சோதனை அளவோடு பொருந்தும்படி நாமே மாற்றி இடும் இடைவினை மாறிலி (நிறமிக்கும் வாயுவுக்கும் இடையேயான ஈர்ப்பைக் குறிக்கும் எண்) விழுங்கிக்கொள்வதால், வளைவு அழகாகப் பொருந்துவது மட்டும் எனக்குச் சான்றாகாது.

தூய நிறமிக்குக் கிடைத்த எண்ணை அப்படியே மிளகாய்த் தூளுக்குப் பொருத்தவும் கூடாது. அங்கே விதையின் எண்ணெய் துணைக் கரைப்பானாக உதவலாம், செல்சுவர் தடுக்கவும் செய்யலாம். எனவே கரைதிறன் அட்டவணையைக் காட்டி இயந்திரம் விற்பவரிடம், அது எந்த அழுத்த, வெப்பநிலை வரம்புக்குள் அளக்கப்பட்டது என்பதையும், உங்கள் மூலப்பொருளிலேயே செய்த சோதனையின் முடிவையும் எழுத்தில் கேளுங்கள்.