வீட்டுக் கணினிக்குள் ஒரு தொண்டை: 'சாம்' பேசிய விதம்

மார்க் பார்ட்டன் எழுதிய 'சாம்' என்னும் நிரல் 1982-இல் வெளிவந்து, அட்டாரி, ஆப்பிள் 2, கமடோர் 64 ஆகிய வீட்டுக் கணினிகளை ஆங்கிலம் பேச வைத்தது. தொலைபேசித் தரத்தில் பேச்சைப் பதிவு செய்து வைத்தால் ஒரு நொடிக்கு 8,000 பைட் தேவைப்படும். கமடோரின் 64 கிலோபைட் நினைவகம் முழுவதும் எட்டு நொடிப் பேச்சிலேயே நிரம்பிவிடும். சாம் சுமார் 9 கிலோபைட்டுக்குள் அடங்கியதோடு, எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் உச்சரித்தது. சொற்களைச் சேமித்து வைக்காமல், அவற்றை உண்டாக்கும் முறையைச் சேமித்து வைத்ததால்தான் இது கைகூடியது.

நாம் உயிரொலி ஒன்றை எழுப்பும்போது குரல்நாண்கள் அதிர்கின்றன. அந்த அதிர்வு தொண்டை, வாய் ஆகியவற்றின் வழியே வரும்போது சில அலைவெண்கள் மட்டும் வலுப்பெறுகின்றன. ஃபார்மன்ட் எனப்படும் இந்த வலுப்பெற்ற அலைவெண்களே ஓர் உயிரொலியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. ஆண் குரலில் 'ஆ' என்பதற்கு முதல் இரண்டு ஃபார்மன்ட்கள் ஏறத்தாழ 700, 1,100 ஹெர்ட்ஸ். 'ஈ' என்பதற்கு 300, 2,300 ஹெர்ட்ஸ்.

சாம் மூன்று ஃபார்மன்ட்களைப் பயன்படுத்துகிறது. முதல் இரண்டும் சைன் அலைகள்; மூன்றாவது, கணக்கிட எளிதான சதுர அலை. மூன்றையும் அவற்றின் வலிமைக்கேற்பப் பெருக்கிக் கூட்டினால் ஒலி கிடைக்கிறது. ஆனால் இந்தக் கணினிகளில் இருந்த 6502 வகை நுண்செயலிக்குப் பெருக்கத் தெரியாது. கமடோரில் அதன் வேகமும் சுமார் ஒரு மெகாஹெர்ட்ஸ்தான். எனவே சைன் மதிப்புகளும் பெருக்கல் விடைகளும் முன்கூட்டியே அட்டவணைகளாக எழுதப்பட்டு, இயங்கும் நேரத்தில் தேடி எடுக்கப்படுகின்றன. குரல்நாண்களின் ஒவ்வொரு துடிப்பும் முடியும் தருணத்தில் மூன்று அலைகளும் தொடக்கநிலைக்குத் திருப்பப்படுகின்றன. குரலின் சுருதி இதிலிருந்தே பிறக்கிறது. இந்த நிரலில் மிக அழகான யோசனை இதுவே என்பது என் கருத்து. ஓர் ஒலியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது அலைவெண்கள் படிப்படியாக மாற்றப்படுவதால் சொல் துண்டு துண்டாக உடைவதில்லை.

'ஸ்', 'ஷ்' போன்ற உரசொலிகளை இவ்வாறு கணக்கிட முடியாது. அவை ஒழுங்கற்ற இரைச்சல். ஆகவே அவற்றுக்கு மட்டும், மாதிரிக்கு (அதாவது, அடுத்தடுத்து அளந்த ஒவ்வோர் ஒலி மதிப்புக்கும்) ஒரே பிட் வீதம் சேமித்த சிறு ஒலித்துண்டுகள் உள்ளன. ஆங்கிலத்தின் 'இசட்' ஒலியில் குரலும் உரசலும் கலந்திருப்பதால், ஒவ்வொரு துடிப்பின் கடைசிக் கால் பகுதியில் அந்த இரைச்சல் செருகப்படுகிறது.

கணக்கிட்ட எண்ணை ஒலியாக வெளியேற்றுவது அடுத்த சிக்கல். கமடோரின் ஒலிச் சில்லான சிட் இசைக்காக வடிவமைக்கப்பட்டது. ஒலி மாதிரிகளை நேரடியாக ஏற்கும் வாயில் அதில் இல்லை. ஆனால் அதன் ஒலியளவுப் பதிவகத்தில் 16 படிநிலைகள் உண்டு. சில்லின் வெளியீட்டில் ஒரு நிலையான மின்னழுத்தம் எப்போதும் இருப்பதால், ஒலியளவை மாற்றும்போதெல்லாம் அந்த மின்னழுத்தமும் ஏறி இறங்குகிறது. விரைவாக மாற்றிக்கொண்டே இருந்தால் அதுவே நான்கு பிட் ஒலியாகிறது. பின்னாளில் சிட்டின் புதிய வடிவமாக வந்த 8580 சில்லில் இந்த நிலையான மின்னழுத்தம் பெருமளவு நீக்கப்பட்டதால், இவ்வகை ஒலி மிக மெலிதாகிப்போனது. அதைச் சரிசெய்ய, சில்லின் வெளி ஒலி உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையே ஒரு மின்தடையைப் பற்றவைத்து, இழந்த மின்னழுத்தத்தை ஆர்வலர்கள் மீட்டெடுத்தார்கள். அட்டாரியில் இடையூறு வேறுவிதமானது. திரையை வரையும் சில்லு நுண்செயலியின் நேரத்தைப் பறித்துக்கொள்வதால், சாம் பேசும் வரை திரை அணைக்கப்பட்டது. அணைக்காவிட்டால் பேச்சு சிதைந்துபோகும்.

சாமுக்கு உள்ளீடு ஒலியன் குறியீடுகள், அதாவது சொல்லின் ஒவ்வோர் அடிப்படை ஒலிக்கும் உரிய குறியீடுகள். அசையழுத்தத்தையும் எண்களால் குறிக்கலாம். உடன்வந்த 'ரிசைட்டர்' என்னும் துணைநிரல், முன்னும் பின்னும் வரும் எழுத்துகளைப் பார்த்து விதிகளின்படி ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒலியன்களாக மாற்றியது.

பல ஆண்டுகளுக்குப் பின் ஆர்வலர்கள் சாமின் இயந்திரக் குறிமுறையைப் பிரித்துப் படித்து, சி மொழிக்கு மாற்றினார்கள். இன்று மைக்ரோபிட் என்னும் கல்விப் பலகையில் மைக்ரோபைத்தான் மொழியின் பேச்சுத் தொகுதியாக இயங்குவது அதே சாம்தான். சுருதி, வேகம், வாய், தொண்டை என்று பழைய பயனர்கள் திருத்திப் பார்த்த நான்கு அளவுகளையும் மாணவர்கள் அதில் அப்படியே மாற்றிப் பார்க்கலாம்.