மெடிக்கல் டேகேர்: காலையில் கைமாற வேண்டியது குழந்தை மட்டும் அல்ல

வயிற்றுக் குழாய் வழியே பால் குடிக்கும் குழந்தையையும், கழுத்தில் ட்ரக்கி (மூச்சு விடுவதற்காகத் துளையிட்டு வைக்கும் குழாய்) வைத்த குழந்தையையும் சாதாரண டேகேரில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ‘பரவாயில்லை, பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னாலும் குழந்தையை அங்கே விடாதீர்கள். ஃப்ளோரிடா, டெக்சாஸ் போன்ற சில அமெரிக்க மாநிலங்களில் இந்தக் குழந்தைகளுக்கென்றே உரிமம் பெற்ற மையங்கள் இருக்கின்றன. ‘ப்ரிஸ்க்ரைப்ட் பீடியாட்ரிக் எக்ஸ்டெண்டட் கேர்’ என்ற நீளமான பெயரைச் சுருக்கி ‘பிபெக்’ என்பார்கள். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 12 மணி நேரம். இரவுத் தங்கல் கிடையாது. கூடவே இருந்து கவனிப்பவர்கள் நர்ஸ்கள்.

நாமாகப் போய்ச் சேர்த்துவிட முடியாது. டாக்டரின் உத்தரவும், அவர் கையெழுத்திட்ட பராமரிப்புத் திட்டமும், பெற்றோர் சம்மதமும் வேண்டும். செலவை, முக்கியமாகக் குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் ஏற்கும், 20 வயது வரை. இங்கேதான் நம்மவர்கள் பலர் ‘எங்கள் சம்பளத்துக்கு அது கிடைக்காது’ என்று விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். டெக்சாஸில் மெடிக்கெய்டின் கீழ் வரும், மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கான எம்.டி.சி.பி. என்ற திட்டம் பெற்றோர் வருமானத்தைப் பார்ப்பதில்லை, குழந்தையின் வருமானத்தைத்தான் பார்க்கும். காத்திருப்போர் பட்டியல் மிக நீளம். அதனால்தான் பெயரை இன்றைக்கே பதியச் சொல்கிறோம். இன்னொன்று: டெக்சாஸில் மையத்தில் செலவாகும் நேரம், வீட்டுக்கு வரும் நர்ஸின் மணிக்கணக்கிலிருந்து கழியும். இரவு நர்ஸ் அவசியம் என்றால் கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கட்டடமும் சுவரில் வரைந்த யானையும் எப்படியிருந்தாலும் சரி. நாங்கள் முதலில் கவனிப்பது, காலையில் வாசலில் குழந்தை கைமாறும் அந்தப் பத்து நிமிடத்தை. தவறுகளில் பெரும்பாதி அங்கேதான் பிறக்கிறது.

மருந்திலிருந்து தொடங்குவோம். ‘காலையில் பேக்லோஃபென் 1 மில்லி கொடுங்கள்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது ஆபத்து. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் இந்த மருந்து, பல மருந்துக் கடைகளில் கலந்து தயாரிக்கப்படும் திரவம். ஒரு கடை மில்லிக்கு 5 மில்லிகிராம் வலுவில் தரும், அடுத்த கடை 10-இல் தரும். கடை மாறினால் அதே 1 மில்லி இரட்டை டோஸ் ஆகிவிடும். பிள்ளை துவண்டு தூங்கும், மூச்சும் மந்தமாகலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் இறுக்கம் கூடி வலிப்புகூட வரும். எனவே மில்லிகிராம், மில்லி, பாட்டிலின் வலு மூன்றையும் எழுதிக் கொடுங்கள். மருந்து கடை லேபிளோடு மூலப் பாட்டிலில்தான் போக வேண்டும். சிரிஞ்சில் நிரப்பி அனுப்பினால் நல்ல மையம் வாங்காது. வாங்காவிட்டால் கோபப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி.

பாலிலும் இதே கதை. வழக்கமான பவுடர் 1 ஸ்கூப்புக்கு 2 அவுன்ஸ் தண்ணீர், அவுன்ஸுக்கு 20 கலோரி. எடை ஏறாத குழந்தைக்கு டயட்டீஷியன் 24 கலோரியாகக் கலக்கச் சொல்லியிருப்பார். வீட்டில் அம்மாவுக்கு அது கைப்பழக்கம். மையத்தில் டப்பாவில் அச்சிட்டபடி கலக்கிறார்கள். 120 மில்லி வீதம் மூன்று வேளை என்றால் தினமும் சுமார் 48 கலோரி காணாமல் போகிறது. சில வாரம் கழித்து எடை நிற்கும்போது எல்லோரும் நோயைத்தான் குறை சொல்வார்கள். கலவை முறையை எழுதி டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள். பம்ப் பையில் தொங்கும் பவுடர் பால் 4 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

வயிற்றில் பட்டன் (தோலோடு ஒட்டியிருக்கும் குட்டையான உணவுக் குழாய்) வைத்திருந்தால் அதன் பிரெஞ்சு அளவு (குழாயின் பருமன்), தண்டின் நீளம், அதை உள்ளே பிடித்துவைக்கும் பலூனில் எத்தனை மில்லி தண்ணீர், குழாய் வைத்த தேதி நான்கும் தெரிந்திருக்க வேண்டும். பலூனில் கிருமி நீக்கிய (ஸ்டெரைல்) அல்லது டிஸ்டில்டு தண்ணீர்தான். சலைன் (உப்பு நீர்) படிகமாகி வால்வை அடைத்துவிடும். பட்டன் கழன்று வந்துவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். பழைய துளை என்றால், பயிற்சி பெற்ற நர்ஸ் மாற்றுக் குழாயை உடனே செருகித் துளையைக் காப்பாற்றலாம். ஆபரேஷன் முடிந்து சில வாரமே ஆன புதுத் துளை என்றால் எதையும் செருகாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வைத்த தேதியைக் கேட்பது இதற்காகத்தான். மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாயில், காற்றைச் செலுத்தி ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று முடிவு செய்வதை நம்பாதீர்கள். குழாய் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும்.

ட்ரக்கிப் பை எப்போதும் குழந்தையோடுதான் இருக்க வேண்டும். அலமாரியில் அல்ல, வேனில் போகும்போதும்கூட. உள்ளே இருக்க வேண்டியவை: அதே அளவுக் குழாய் ஒன்று, ஒரு அளவு சிறியது ஒன்று, கழுத்துப் பட்டை, கத்தரிக்கோல், ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை), சார்ஜ் ஏறிய சக்‌ஷன் மெஷின் (சளியை உறிஞ்சுவது). 4.0 அளவு ட்ரக்கிக் குழாய்க்கு, சளி உறிஞ்ச உள்ளே விடும் மெல்லிய குழாயான கதீட்டர் 8 பிரெஞ்சு அளவில் வேண்டும். அது எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை முன்பே அளந்து எழுதியிருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்குள் வெளியே வர வேண்டும். ஆக்சிஜன் இறங்குகிறது, கதீட்டர் உள்ளே போக மறுக்கிறது என்றால் சளிக் கட்டி அடைத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மெஷினை ஆராய்ந்துகொண்டு நிற்காமல் குழாயையே மாற்ற வேண்டும். மையத்தைப் பார்க்கப் போகும்போது ஒரு நர்ஸிடம், ‘கதீட்டர் போகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். ‘911-ஐக் கூப்பிடுவோம்’ என்பது மட்டுமே பதிலாக வந்தால் அந்த இடம் வேண்டாம்.

வலிப்பு வரும்போது கொடுக்கும் அவசர மருந்து மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவோ ஆசனவாய் ஜெல்லாகவோ இருக்கும். எத்தனையாவது நிமிடத்தில் கொடுப்பது என்று டாக்டர் எழுதித் தந்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஐந்து நிமிடம். காலாவதித் தேதியைப் பார்த்து அனுப்புங்கள்.

மாலையில் பையைத் திறந்து பாருங்கள். மாற்றுக் குழாய் பயன்பட்டிருந்தால் புதியதை அன்று இரவே வைத்துவிடுங்கள்.